புகல்தொட்டி

மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் அங்கங்கே அப்படியே நின்றுவிடும் என்றுதான் குவெக் வீ மெங் நம்பியிருந்தார். தண்ணீர் நிற்கவில்லை. மேலே இருந்த மீன்தொட்டியிலிருந்து குழாய் வழியாக மடமடவென்று இறங்கி, அலமாரிக்குள் அவர் தம் கையாலேயே செய்து வைத்திருந்த அடித்தொட்டியை நிரப்பி, அலமாரிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கூடத்தைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

சோபாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சியூ ஹூன் இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டாள்.

"கடல்மீன் தொட்டின்னுதான் சொன்ன. கடலே வரும்னு சொல்லலையே."

"சின்னக் கணக்குப் பிசகு. துணி எடு."

"எந்தத் துணி?"

"எது கெடைக்குதோ அது."

அவர் கைக்கே முதலில் கிடைத்தது மாமனாரின் போர்வை. அதைப் போட்டார்.

கீழே கோப்பிக் கடைக்குப் போயிருந்த மாமனார் ஹெங் திரும்பி வந்தபோது அவருடைய போர்வை அலமாரிக்கு முன்னால் ஊறிக் கிடந்தது. அவர் அதை எடுத்துப் பிழிந்து, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப் போட்டார்.

"உப்புத் தண்ணில நனைஞ்சா மூட்டைப்பூச்சி வராது, ஆ மெங்," என்றார்.

வாழ்நாள் முழுவதும் டாக்ஸி ஓட்டியவர். பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன சொன்னாலும் ஒத்துப்போய்ப் பழகிவிட்டவர். மனைவி இறந்த பிறகு சின்ன மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் இரண்டே படுக்கையறை. ஒன்றில் வீ மெங்கும் சியூ ஹூனும், மற்றதில் உயர்நிலைப்பள்ளிக்குப் போகும் இரட்டைப் பெண்கள். ஆகவே ஹெங்குக்குக் கூடத்தில் ஒரு மடக்குக் கட்டில். காலையில் மடக்கிப் புகலறைக்குள் வைப்பார், இரவில் எடுத்து விரிப்பார். போர் வந்தால் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு வீட்டிலும் கட்டித் தந்திருக்கிறார்களே, கனத்த இரும்புக் கதவு போட்ட அந்தச் சிற்றறை. போர் வராததால் அதில் அரிசி மூட்டையும் மின்விசிறியும் பழைய காலணிகளும் ஒளிந்திருந்தன.

கூடத்தின் ஜன்னலோரத்தில் பலகை அடைத்தால் ஹெங்குக்கு ஒரு சின்ன அறையே கிடைக்கும். அந்த இடத்தில்தான் மீன்தொட்டி இருந்தது.

தொட்டியில் பவளங்கள் இருந்தன, நத்தைகள் இருந்தன, கோமாளி மீன்கள் இரண்டு இருந்தன. ஆனால் வீ மெங்கின் உயிர் மாண்டரின் என்ற மீனில் இருந்தது. விரல் நீளம்தான் இருக்கும். நீலப்பட்டில் ஆரஞ்சுச் சரிகையால் சுருள் சுருளாகத் தைத்தது போன்ற உடம்பு. நீந்தாது, அந்தக் காலத்துச் சீன அதிகாரி அலுவலகத்தைச் சுற்றிப் பார்ப்பது போல மெதுவாகப் பாறைமேல் உலாவரும். கடையில் விற்கும் தீனியை முகர்ந்தும் பார்க்காது. பாறையில் ஊரும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கடல்பூச்சிகளை மட்டும் உயிரோடு கொத்தித் தின்னும். அவை தீர்ந்துவிட்டால் பட்டினி கிடந்து சாகும். படைத்தவன் அதற்கு அவ்வளவு அழகைக் கொடுத்துவிட்டு வயிற்றில் ஏன் இப்படிப் பிடிவாதத்தை வைத்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

இரண்டு மாண்டரின்கள் ஏற்கெனவே பட்டினியால் போய்விட்டன. மூன்றாவதை வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கே சியூ ஹூன் சொல்லிவிட்டாள்.

"இதுதான் கடைசி. இதுவும் செத்துச்சுன்னா தொட்டி போயிடணும். அந்த எடத்துல பலகை அடைச்சு அப்பாவுக்கு ஒரு ரூம். சரியா?"

"சாகாது."

"சரியான்னு கேட்டேன்."

"சரி."

"எனக்கெதுக்கு ரூமு," என்றார் ஹெங், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "டாக்ஸிலயே தூங்கினவன் நான்."

அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தனக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்காவிட்டால் அது அவருக்கு வேண்டாததாகவே ஆகிவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

மீனைக் காப்பாற்ற வீ மெங் கண்ட வழி புகல்தொட்டி. அடித்தொட்டிக்குள் கண்ணாடித் தடுப்பு வைத்து, நடுப்பகுதியில் நூல்கண்டு போன்ற பச்சைப் பாசியை வளர்ப்பது. மீன் வாய்க்கு எட்டாத அந்த இடத்தில் பூச்சிகள் ஒளிந்து பெருகும். பெருகிய பூச்சிகள் மோட்டார் வழியாக மேலே போகும். மாண்டரின் உட்கார்ந்த இடத்தில் சாப்பிடும். ஓர் ஆஸ்திரேலியாக்காரன் இதைக் காணொளியில் பாட்டுப் பாடிக்கொண்டே செய்து காட்டியிருந்தான். வீ மெங்குக்குக் கப்பல் சரக்கு நிறுவனத்தில் திட்டமிடும் வேலை. எந்தக் கொள்கலன் எந்தக் கப்பலில் எந்த மூலையில் ஏற வேண்டும் என்று சொல்பவருக்கு ஒரு வாளித் தண்ணீர் எங்கே போகும் என்று தெரியாதா என்ன.

கூடத்துத் தண்ணீரைத் துடைத்து முடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு மலாய்க்கார அம்மாள், மக்சிக் ரொஸ்னா. ஒரு கையில் தட்டு, அதில் தேங்காய்ப்பூவில் புரட்டிய பச்சை உருண்டைகள்.

"எங்க அடுப்பு மேல தண்ணி சொட்டுது," என்றார் அவர். "நக்கிப் பாத்தேன், உப்புக் கரிக்குது. மேல யாரோ அழறீங்க போலன்னு பலகாரம் எடுத்துக்கிட்டு வந்தேன்."

"மன்னிச்சுக்குங்க மக்சிக். இனிமே வராது."

"அழுகையா, தண்ணியா?"

ஹெங் அதற்குள் வாளியும் துடைப்பானும் எடுத்துக்கொண்டு மக்சிக் பின்னால் படியிறங்கிவிட்டார்.

அடித்தொட்டி சிறிது, அதுதான் பிழை என்று வீ மெங் முடிவு கட்டினார். பெரிய தொட்டி செய்தார். சிலிக்கோன் பசை விரலில் ஒட்டி, விரலிலிருந்து மூக்குக் கண்ணாடியில் ஒட்டி, அலுவலகத்தில் ஒரு கூட்டம் முழுக்க அவர் மங்கலாகவே இருந்தார். தொட்டி நன்றாக வந்தது. அலமாரிக்குள்தான் நுழையவில்லை.

"புகலறையில வெச்சிடலாம்," என்றார்.

"அங்க அப்பாவோட கட்டிலு, துணிமணி எல்லாம் இருக்கு."

"கட்டில் சமையல்ரூம்ல நிக்கட்டும். புகலறைங்கற பேரே இதுக்குத்தான் பொருத்தம்."

"குண்டு போட்டா நாம எங்க போறது?"

"குண்டு போடறப்ப பாத்துக்கலாம்."

ஹெங் தம் துணிகளை ஒரு பழைய பயணப்பெட்டிக்குள் அடுக்கிச் சோபாவுக்குப் பின்னால் தள்ளிவைத்தார். "இப்படி வெச்சா எடுக்கறதுக்குச் சுலபம்," என்றார்.

புகலறைச் சுவரில் துளை போடக்கூடாது, அது சட்டம். எனவே குழாய்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. இரும்புக் கதவை இனிமேல் சாத்த முடியாது. ஒரு குழாய் சுவரோரமாக இறங்கியது, இன்னொன்று தரையில் குறுக்கே கிடந்தது. இறங்கும் குழாய்க்குச் சரிவு போதவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை யாரோ கழிப்பறையில் தண்ணீர் இழுத்துவிடுவது போலச் சத்தம் போட்டது. சாப்பிடும்போது கேட்டால் இரட்டைப் பெண்கள் கிண்ணத்தை வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தரைக் குழாயில் ஹெங் இடறினார். மறுநாள் தம் பழைய துண்டு ஒன்றைக் கிழித்து, மற்றவர்கள் காலில் படாதபடி குழாயைச் சுற்றிக் கட்டினார். ஒழுகினால் தெரியாது என்று வீ மெங் அதை அவிழ்த்துப் போட்டார்.

பிறகு விளக்கு. பாசிக்குச் சிவப்பு ஒளி வேண்டும். மேல்தொட்டியில் விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் கீழே எரிய வேண்டும் என்பது காணொளிக்காரன் சொன்ன முறை. மாலை ஆனதும் திறந்த புகலறையிலிருந்து செக்கச்செவேலென்று வெளிச்சம் கூடமெங்கும் பரவியது. ஹெங்கின் கட்டில் அதற்கு நேர் எதிரில்.

"பா, வெளிச்சம் தொந்தரவா இருக்கா?"

"இல்ல இல்ல. செவப்பு விளக்கு போட்ட சாமி மாடத்துல படுத்த மாதிரி இருக்கு." ஹெங் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

இரண்டொரு நாளில் வாசலில் ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன. நடைபாதைக் கோடியில் குடியிருக்கும் லாவ் அம்மா வைத்துவிட்டுப் போயிருந்தார். சியூ ஹூனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"புதுசா மாடம் வெச்சிருக்கீங்க போல. செவப்பா தெரியுது. என்ன சாமி?"

"பூச்சி சாமி," என்றாள் சியூ ஹூன்.

"நல்லா அருள் குடுக்குமா?"

"அதுங்களுக்குத் தனி ரூம் கெடைச்சிருக்கு, விளக்கு கெடைச்சிருக்கு, இருபத்துநாலு மணி நேரமும் காத்து கெடைச்சிருக்கு. எங்களுக்கு இன்னும் ஒண்ணும் வரல."

லாவ் அம்மா சந்தேகத்தோடு கும்பிட்டுவிட்டுப் போனார். பழத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரத்திலேயே மாண்டரின் தேறிவிட்டது. வீ மெங் வேலை முடிந்து வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன் நின்றார்.

"பாரு, பாரு. வயிறு ரொம்பியிருக்கு."

சியூ ஹூன் குனிந்து பார்த்தாள். "நேத்து ஒட்டிக் கெடந்துச்சே. ஒரே நாள்லயா?"

"இயற்கை. நாம வழி பண்ணிக் குடுத்தாப் போதும், மத்ததை அது பாத்துக்கும்."

"நீலம் கொஞ்சம் தூக்கலா தெரியுதே."

"ஊட்டம் சேந்தா அப்படித்தான்."

ஹெங் ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். "ஆ மெங் கெட்டிக்காரன்," என்றார்.

இந்த இடத்தில் வீ மெங் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கதை இல்லை. மேல்தொட்டியின் வடிகுழாய் வாய் திறந்திருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். மீன் உள்ளே போய்விடலாம். எனவே வலை கட்டினார். வலையில் பாசி அடைத்துக்கொண்டது. தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேலேயே வழிந்தது. மக்சிக் ரொஸ்னா இந்தமுறை மரவள்ளிக்கிழங்குப் பலகாரத்தோடு வந்தார்.

"இன்னும் அழுகை நிக்கலையா?"

வலையை எடுத்துவிட்டுக் குழாய்வாயைச் சிறிதாக்கினார். இழுப்பு அதிகமாகிவிட்டது. ஒரு கோமாளி மீன் வாலை ஆட்டிக்கொண்டே குழாய் வாயில் ஒட்டிக்கொண்டு நின்றது. மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார். பவளம் வாடியது. கூட்டினார். கழிப்பறைச் சத்தம் இரட்டிப்பானது.

காற்றில் தண்ணீர் வற்றி உப்பு ஏறிவிடுகிறது என்று தானாக நல்ல தண்ணீர் ஊற்றும் ஏற்பாடு ஒன்றும் செய்தார். தண்ணீர் குறைந்தால் ஒரு மிதவை இறங்கும், இறங்கினால் சின்ன மோட்டார் பீப்பாயிலிருந்து தண்ணீர் ஊற்றும், மிதவை ஏறினால் நிற்கும். ஒரு நத்தை அந்த மிதவைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மிதவை ஏறவே இல்லை. அவர் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது பீப்பாய் காலியாகவும் புகலறை நிறைந்தும் இருந்தன. காலணிகள் மிதந்தன. ஹெங் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வாளி வாளியாக எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

வீ மெங் மாமனாரைத் தாண்டிக்கொண்டு நேரே மேல்தொட்டிக்கு ஓடினார்.

மாண்டரின் பாறைமேல் உலாவிக்கொண்டிருந்தது.

"உயிரோட இருக்கு," என்றார் நெஞ்சில் கைவைத்து. "எதையும் தாங்குது. என்ன மீனு இது."

"முதுகுல கொடி மாதிரி ஒரு முள்ளு நீட்டிக்கிட்டிருக்குமே, எங்க?" என்றாள் சியூ ஹூன் அன்றிரவு.

"பாறையில உரசி ஒடிஞ்சிருக்கும். வளந்துடும்."

அடுத்த மாதம் வளர்ந்துவிட்டது. ஒரே நாளில். வீ மெங் அதைப் படம்பிடித்துக் கடல்மீன் வளர்ப்போர் குழுவில் போட்டார். ஒடிந்த முள் புகல்தொட்டியின் ஊட்டத்தால் மீண்டும் வளர்ந்த அதிசயம் என்று எழுதினார். ஜகார்த்தாவிலிருந்து ஒருவர் ஐயா என்று விளித்து ஆலோசனை கேட்டார். வீ மெங் இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினார்.

மோட்டார் மட்டும் சில நாள் மாலையில் நின்றுகிடந்தது. சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது.

முதல்முறை ஹெங் உடனே ஒத்துக்கொண்டார். "நான்தான். வெளிய போறப்ப எல்லா சுவிட்சையும் அணைச்சிட்டுப் போற பழக்கம். உன் மாமியார் இருந்தப்ப அணைக்காமப் போனா கத்துவா."

"பா, இது மட்டும் அணைக்கவே கூடாது. நின்னா மேல இருக்கற தண்ணியெல்லாம் கீழ எறங்கிடும், மீன் மூச்சுத் திணறிச் செத்துடும்."

"தெரியுது, தெரியுது."

வீ மெங் சுவிட்ச்மேல் சிவப்பு நாடா ஒட்டினார். அடுத்தமுறை நாடா பாதி பிரிந்து தொங்கியது, சுவிட்ச் அணைந்திருந்தது. இந்தமுறை ஹெங் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வாளி எடுத்துக்கொண்டு கீழே மக்சிக் வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் வீ மெங்கின் மனத்தில் அந்த எண்ணம் புகுந்தது. கெட்ட எண்ணத்துக்குக் குழாய் வாய் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மீன் செத்தால் யாருக்கு லாபம்? ஜன்னலோரம், பலகைத் தடுப்பு, தனி அறை. எனக்கெதுக்கு ரூமு என்று சொன்னதே ஒரு நடிப்பாக இருக்கலாம்.

அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியதும் எல்லாமே பொருந்தி வந்தது. கோப்பிக் கடையில் ஹெங்கின் பழைய டாக்ஸி நண்பர் ஒருவர் வீ மெங்கை நிறுத்திக் கேட்டார்.

"உங்க மாமனாருக்கு உடம்பு சரியில்லையா? எங்ககூட உக்காந்து கோப்பி குடிக்கறதே இல்லை."

"சர்க்கரைன்னு விட்டுட்டாராம்."

"சர்க்கரையா? அவருக்கா? அந்த ஆளு சீனி இல்லாமத்தான் குடிப்பாரு."

பகலெல்லாம் வீட்டிலேயே கிடந்து என்ன செய்கிறார் என்று வீ மெங் யோசித்தார். தெரிந்துகொள்ள ஒரு நாள் அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பாதி நாளில் வந்தார். சாவியைச் சத்தமில்லாமல் திருகினார்.

மோட்டார் சத்தம் இல்லை. நாடா பிரிந்து தொங்கியது. புகலறை வாசலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தொட்டி முன்னால் ஹெங், சட்டைக்கை தோள்வரை சுருட்டி, முழங்கை சொட்டச் சொட்ட நின்றிருந்தார். மருமகனைப் பார்த்ததும் மற்றக் கையைப் பின்னால் கொண்டுபோனார்.

"கையில என்ன?"

"கோப்பி. பையில கட்டி வாங்கினது."

"கோப்பியை விட்டுட்டேன்னீங்க."

"இன்னிக்கி ஆசையா இருந்துச்சு."

பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையின் நுனி எட்டிப் பார்த்தது. தண்ணீர் சொட்டியது. வீ மெங்குக்குக் கோப்பியைப் பற்றிக் கவலை இல்லை.

"மோட்டாரை நிறுத்தினீங்களா?"

"நிறுத்தினேன்."

"நாடாவைப் பிச்சு?"

"ஆமா."

"மீன் செத்தா உங்களுக்கு ரூம் கெடைக்கும். அதானே?"

ஹெங் அவரைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். மாண்டரின் புது இடத்துக்கு வந்தது போலத் திகைத்து ஒரு மூலையில் நின்றது.

"மீன் நல்லாத்தான் இருக்கு, ஆ மெங்."

"நான் சீக்கிரமா வந்ததால இருக்கு. உங்களுக்குச் சாப்பாடு போட்டு வீட்டுல வெச்சிருக்கேன், பா. ஒரு மீனு. உங்ககிட்ட நான் வேற என்ன கேட்டேன்?"

இதைக் கேட்டுக்கொண்டே சியூ ஹூன் வாசலில் வந்து நின்றாள். அன்றைக்கு அவளுக்கும் மருந்தகத்தில் அரைநாள் வேலை. அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். மோட்டாரை நிறுத்தியது அவர்தான், அவரே சொல்லிவிட்டார். என்ன வைத்து அவள் வாதாடுவாள்?

"அப்பா, ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"வயசாச்சு. கை சும்மா இருக்க மாட்டேங்குது," என்றார் ஹெங்.

மாலையில் சோபாவுக்குப் பின்னாலிருந்து பயணப்பெட்டியை எடுத்தார். எடுப்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

"பெரியவ வீட்டுக்குப் போறேன். அவ வீடு லிஃப்டுக்குப் பக்கம். எனக்கும் வசதி."

வாசலில் குனிந்து காலணி போட்டுக்கொண்டே, மருமகனை ஏறிட்டுப் பார்க்காமல் சொன்னார். "ஆ மெங், காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அந்தக் கொழா வாயைப் பாத்துட்டுப் போ. மோட்டாரை நிறுத்திட்டு, கையை விட்டுப் பாரு."

இன்னும் மோட்டார்மேலேயே கண், என்று வீ மெங் நினைத்தார்.

மடக்குக் கட்டில் சமையலறையில் சாய்ந்து நின்றது. கூடம் அகலமாகிவிட்டது. சியூ ஹூன் தேவைக்கு மட்டும் பேசினாள். அதுவும் அதிகம் தேவைப்படவில்லை. மோட்டார் ஒருநாளும் நிற்கவில்லை. ஆகவே தாம் நினைத்தது சரிதான் என்று வீ மெங்குக்கு உறுதியானது. குழாய்வாயை அவர் பார்க்கவில்லை.

மக்சிக் ரொஸ்னா ஒருமுறை வந்தார். தண்ணீர் சொட்டி அல்ல, தட்டு கேட்டு.

"பாக்சிக் இல்லையா, உங்க மாமனாரு? அவருதான் தட்டைக் கழுவிக் கொண்டாந்து குடுப்பாரு. ஒருநாளும் வெறுந்தட்டாக் குடுத்ததில்லை. ரெண்டு ஆரஞ்சாவது வெச்சிருப்பாரு."

"பெரிய மக வீட்டுக்குப் போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

வீ மெங் தட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வெறும் தட்டு.

சனிக்கிழமை வந்தது. வீ மெங்குக்கு ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. மூன்றாவது மாண்டரினை அவர் வாங்கியது அடுத்த தெருவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கிம் லுவான் அக்காவின் மீன்கடையில். அன்றைக்கு அந்த அம்மாள் விற்கவே தயங்கினார்.

"வேணாம், பாஸ். வீட்டுத் தொட்டியில இது ஒரு மாசம் தாங்காது. வேற மீன் பாருங்க."

"நான் கட்டப்போற புகல்தொட்டியைப் பாத்துட்டுப் பேசுங்க, அக்கா."

"கடையில வாங்கினதே சரியா வராது. நீங்களே கட்டறீங்களா? சரி, அரை வருஷம் உயிரோட இருந்தாப் படம் கொண்டாங்க. சுவத்துல மாட்டறேன்."

அதுவரை அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை என்று வீ மெங் வைராக்கியமாக இருந்தார். இப்போது அரை வருடம் ஆகிவிட்டது. நல்ல படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, உறையில் போட்டு எடுத்துக்கொண்டார். புறப்படும்போது தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். மாண்டரின் கண்ணில் படவில்லை. பாறைக்குப் பின்னால் இருக்கும். கூச்ச சுபாவம்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கிம் லுவான் அக்கா ஈரக்கையைத் துடைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படத்தைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாண்டரினா இது. என்ன கொழுகொழுன்னு இருக்கு."

"உங்க கடை மீனுதான், அக்கா. அரை வருஷம்."

"ஒரே மீனா?"

"அதே மீன்." வீ மெங் சுற்றி நின்றவர்களையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். "மூணு தடவை வெள்ளம், ஒரு தடவை முள்ளு ஒடிஞ்சுது. எல்லாத்துலயும் பொழைச்சு வந்துச்சு. எல்லாம் என் கையால கட்டினது."

ஒருவர் கைப்பேசியை நீட்டித் தொட்டி அளவு கேட்டார். இன்னொருவர் பாசி எங்கே கிடைக்கும் என்றார். வீ மெங் இருவருக்கும் விளக்கினார். பூச்சிகளுக்கு ஒளிய இடம் கொடுத்தால் போதும் என்றார். அவசரப்படக் கூடாது என்றார்.

"ஆனா முக்கியமானது அதெல்லாம் இல்ல," என்றார். "வீட்டுல இருக்கறவங்க குறுக்க வராம இருக்கணும். அது அமைஞ்சுட்டா மாண்டரின் தானா வாழும்."

கிம் லுவான் அக்கா நாற்காலி போட்டு ஏறி, கல்லாவுக்கு மேலே, செல்வ தெய்வத்தின் படத்துக்கு அடுத்தாற்போல அந்தப் படத்தை ஒட்டினார். இறங்கி நின்று பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். தாம் சொன்னது தப்பாகிப்போனதில் சந்தோஷப்படுகிற மனிதர்கள் குறைவு. அவர் அந்தச் சிலரில் ஒருவர்.

"எந்த புளோக்கு நீங்க?" என்று கேட்டார்.

வீ மெங் சொன்னார்.

"அட, நல்லதாப் போச்சு," என்று அக்கா உள்ளே போய், காற்றடைத்துக் கட்டிய ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். உள்ளே நீலப்பட்டும் ஆரஞ்சுச் சரிகையுமாக ஒன்று மெதுவாகத் திரும்பியது.

"அங்கதான் ஹெங்னு ஒரு டாக்ஸித் தாத்தா இருக்காரு, மருமகன் வளக்கற மாண்டரின் கொழாக்குள்ள போய்ப் போய்ச் செத்துப்போகுதாம், தெரிஞ்சா புள்ள மனசு ஒடஞ்சிடும்னு மோட்டாரை நிறுத்திச் செத்ததை வெளிய எடுத்துட்டு, கோப்பிக் காசைச் சேத்துவெச்சு ஒவ்வொரு தடவையும் எங்கிட்டதான் புதுசு வாங்கிட்டுப் போவாரு, அவருக்குன்னு இதை எடுத்து வெச்சிருந்தேன், இந்தத் தடவை ஆளையே காணோம், போற வழியில குடுத்துடறீங்களா, பாஸ்?"